ஷாக் போட்டா வண்டி ஏறுமா? - ஒரு பிக்கப் வரலாறு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. நட்டு, போல்ட்டு, ஆயில், கிரீஸ் எல்லாம் வரும். அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். மத்தவங்க ஒரு டீயைப் போட்டுட்டு வந்து உக்காருங்க :-)

ஷாக் அப்சார்பர் மாத்தினா வண்டி உயரம் ஏறுமா? நேரடி பதில்: ஏறாது. வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது ஸ்பிரிங். ஷாக் வேலையே வேற. ஆனா அமெரிக்காவில் எந்த ஆட்டோ பார்ட்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சாலும் "லிஃப்ட் ஷாக்" வேணும்னு கேட்டு வர்றவங்களைப் பார்க்கலாம். கடைக்காரரும் சிரிக்காம எடுத்துக் கொடுப்பார். வாங்கிட்டுப் போய் வீட்டு கராஜில் மாட்டினா வண்டி நிஜமாவே ரெண்டு இன்ச் உயர்ந்தும் நிக்கும். அப்ப நான் சொன்னது பொய்யா? இல்லைங்க. நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கதை இருக்கு இதுக்குப் பின்னாடி.

முதல்ல அந்தப் பேரே தப்பு. அதிர்ச்சியை உள்வாங்குறது ஸ்பிரிங்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினதும் ஸ்பிரிங் அமுங்கி, விரிஞ்சு, மறுபடி அமுங்கி ஆடிக்கிட்டே இருக்கும். ஊஞ்சலை ஒரு தள்ளு தள்ளிட்டு விட்டா தானா நிக்க எவ்வளவு நேரம் ஆகும்? யாராவது காலை ஊன்றினா உடனே நின்னுடும் இல்லையா, அந்தக் கால்தான் ஷாக் அப்சார்பர். பிரிட்டிஷ்காரங்க இதை "டாம்பர்"னு சொல்றாங்க. அதுதான் பொருத்தமான பேர். ஆனா உலகம் பூரா மெக்கானிக் பட்டறையில் "ஷாக்"தான் ஜெயிச்சது.

ஆரம்பத்தில் யாருக்கும் இந்த ஊன்றும் கால் பெருசா தேவைப்படலை. 1804 ல் ஒபதையா எலியட்ங்கிற இங்கிலாந்துக்காரர் குதிரை வண்டிக்கு நீள்வட்ட வடிவில் பட்டை ஸ்பிரிங் வச்சு காப்புரிமை வாங்கினார். நம்மூர் வில்வண்டியில் இருக்கிற அதே வில்லோட ஒண்ணுவிட்ட தம்பி. இந்தப் பட்டைகளில் ஒரு சௌகரியம் உண்டு. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கிறதால, வளையும்போது ஒண்ணோட ஒண்ணு உரசும். அந்த உரசலே ஆட்டத்தை ஓரளவு அடக்கிடும். குதிரை ஓடுற வேகத்துக்கு அது போதும்.

மோட்டார் வண்டி வந்து வேகம் ஏறினதும் அது பத்தலை. பிரான்ஸில் ட்ரூஃபோ என்பவர் உரசலை மட்டும் தனியா ஒரு கருவியா செஞ்சார். ரெண்டு இரும்புக் கை, நடுவில் வட்டத் தகடு, எல்லாத்தையும் சேர்த்து இறுக்க ஒரு போல்ட். இறுக்கினா கெட்டி, தளர்த்தினா மிருது. இதை எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வியாபாரமாக்கினார். என் கணக்கில், வண்டிக்காரன் தன் கையால் ஸ்பானர் போட்டு சஸ்பென்ஷனை மாத்துற பழக்கம் அங்கதான் ஆரம்பிக்குது. க்ளீவ்லாண்டில் க்ளாட் ஃபாஸ்டர் என்பவர் இன்னொரு வழி பிடிச்சார். ஒரு பெட்டிக்குள் பெல்ட்டைச் சுருட்டி வச்சு, ஸ்பிரிங் எகிறும்போது அது இழுத்துப் பிடிக்கிற மாதிரி செஞ்சார். பேர் கேப்ரியல் ஸ்னப்பர். (இவர் கதை கடைசியில் கொசுறா வருது.)

எண்ணெயைக் கொண்டுவந்தது இன்னொரு பிரெஞ்சுக்காரர், மோரிஸ் ஹூடாய். ஒரு அறைக்குள் எண்ணெய், அதுக்குள் திரும்புற ஒரு துடுப்பு, எண்ணெய் ஒழுக ஒரு சின்னத் துளை. மெதுவா அசைச்சா எண்ணெய் வழிவிடும். வேகமா அசைச்சா முரண்டு பிடிக்கும். உரசல் தட்டில் கிடைக்காத குணம் இது. அங்க முரண்டு எப்பவும் ஒரே அளவு, இங்க வேகத்துக்குத் தக்க மரியாதை :-)

இதெல்லாம் பணக்காரங்க வண்டிக்குத்தான். ஃபோர்டின் மாடல் டி யில் ஷாக் கிடையாது. அதே மாடல் டி யில்தான் 1925 ல் "பிக்கப் பாடி"யோட ஒரு வண்டியை ஃபோர்டு தொழிற்சாலையிலேயே செஞ்சு 281 டாலருக்கு வித்தது. அதுவரை விவசாயிங்க காரை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து, தச்சரை வச்சுப் பெட்டி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதாவது பிக்கப்ங்கிற வண்டியே வீட்டில் செஞ்ச மாடிஃபிகேஷனில் பிறந்ததுதான். அடுத்து வந்த மாடல் ஏ யில் ஹூடாய் ஷாக் நாலு சக்கரத்துக்கும் கம்பெனியே மாட்டிக் கொடுத்தது. சாதாரண ஜனங்களுக்கும் எண்ணெய் ஷாக் கிடைச்சது அப்பதான்.

1934 ல் ஜெனரல் மோட்டார்ஸ் "நீ ஆக்‌ஷன்"னு விளம்பரம் பண்ணி முன் சக்கரம் ரெண்டையும் தனித்தனியா ஆட விட்டது. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து வந்த மோரிஸ் ஓலிங்கிற இஞ்சினியர்தான் இதுக்குப் பின்னாடி. காடிலாக், ப்யூக் வண்டிகளில் பட்டை போய் சுருள் ஸ்பிரிங் வந்தது. சுருளில் உரசல்னு ஒண்ணுமே கிடையாது, விட்டா ஆடிக்கிட்டே இருக்கும். அதனால நல்ல ஷாக் இல்லாம சுருளைப் போடவே முடியாது. இன்னிக்கு எல்லா வண்டியிலும் ஷாக் இருக்கிறதுக்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

பிக்கப் மட்டும் ரொம்ப நாள் பிடிவாதமா பழைய கட்டை ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங்கோடயே ஓடுச்சு. மூட்டை சுமக்கிறவனுக்கு எதுக்கு மெத்தைன்னு நினைச்சிருப்பாங்க போல. செவ்ரோலே 1960 ல் முன்பக்கம் டார்ஷன் பார் வச்சுப் பார்த்து, 1963 ல் சுருளுக்கு மாறுச்சு. ஃபோர்டு 1965 ல் "ட்வின் ஐ-பீம்" கொண்டுவந்தது. பின்பக்கம் பெரும்பாலும் பட்டையேதான்.

இப்ப பாலைவனத்துக்குப் போவோம். கதை சூடு பிடிக்கிற இடம் அதுதான்.

மெக்சிகோவில் பாஜா கலிஃபோர்னியான்னு வாழைப்பழம் மாதிரி தொங்குற ஒரு தீபகற்பம் இருக்கு. மேல டிஹுவானா, கீழ லா பாஸ். நடுவில் அப்ப சரியான ரோடே கிடையாது. 1962 ல் டேவ் ஈகின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர்னு ரெண்டு பேர் ஹோண்டா பைக்கில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனாங்க. ஈகின்ஸுக்கு ஆனது கிட்டத்தட்ட 40 மணி நேரம். சாட்சிக்கு யாரும் இல்லை, அதனால கிளம்பின ஊரிலும் சேர்ந்த ஊரிலும் தந்தி ஆபீஸ் முத்திரைதான் ஆதாரம்! 1967 ல் ப்ரூஸ் மேயர்ஸும் டெட் மாங்கல்ஸும் ஃபைபர் கிளாஸ் பாடி போட்ட டூன் பக்கியில் 34 மணி 45 நிமிஷத்தில் வந்து அதை முறியடிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் "மெக்சிகன் 1000"ங்கிற முதல் பந்தயம் நடந்தது. பின்னாளில் பாஜா 1000 ஆனது இதுதான். முதல் தடவை ஜெயிச்சதும் மேயர்ஸ் மான்க்ஸ் பக்கிதான். 1971 லயும் 1972 லயும் பார்னெல்லி ஜோன்ஸும் பில் ஸ்ட்ராப்பும் "பிக் ஓலி"ங்கிற ஃபோர்டு ப்ராங்கோவில் வந்து அடிச்சுட்டுப் போனாங்க.

பாஜாவில் எஞ்சினுக்குச் சமமா பயமுறுத்தின விஷயம் ஷாக். எண்ணெய்க்குள்ள பிஸ்டன் மணிக்கணக்கா குதிச்சா எண்ணெய் கொதிக்கிற அளவு சூடாகும். போதாததுக்கு அந்தக் காலத்து இரட்டைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் காற்றும் ஒண்ணா கலந்து நுரைச்சுடும். நுரைக்கு என்ன முரண்டு இருக்கும்? ஸ்பிரிங் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பிக்கும். இதை "ஃபேட்"ன்னு சொல்வாங்க. அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் எளிமையானது: ஒரு ஷாக் போதலைன்னா ரெண்டு மாட்டு. ரெண்டு போதலைன்னா மூணு. எழுபது, எண்பதுகளில் தெருவில் ஓடின பிக்கப்களில் கூட முன் சக்கரத்துக்கு ரெண்டு ரெண்டு ஷாக், மஞ்சள், சிவப்புன்னு ரப்பர் உறை போட்டு மாட்டியிருப்பாங்க. பாதிப் பேருக்கு அது பந்தா, அவ்வளவுதான்.

இந்த நுரைக்கு நிஜமான மருந்து ஐரோப்பாவில் ஏற்கனவே தயாரா இருந்தது. க்றிஸ்டியான் பூர்சியே த கார்போன்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரே குழாயில் வேலையை முடிச்சார். மேல எண்ணெய், கீழ நைட்ரஜன், நடுவில் மிதக்கிற ஒரு பிஸ்டன். வாயு எண்ணெயைத் தொடவே தொடாது, ஆனா எப்பவும் அழுத்திக்கிட்டே இருக்கும். அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய் லேசில் நுரைக்காது. அதோட ஒரே சுவர்ங்கிறதால சூடு நேரா வெளிக்காற்றுக்குப் போயிடும். இந்த உரிமையை வாங்கி 1957 ல் மெர்சிடிஸ் பென்ஸுக்காக வரிசையா தயாரிக்க ஆரம்பிச்சது ஜெர்மனியின் பில்ஸ்டீன். 1873 ல் ஜன்னல் கொக்கி, கீல் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி. எங்கிருந்து எங்க பாருங்க!

அமெரிக்கத் தெருவில் "ஷாக் போட்டு வண்டியைத் தூக்குறது"ங்கிற பேச்சு வேற பக்கத்தில் இருந்து வந்தது. ட்ரெய்லர் இழுக்கிறவங்க, டிக்கியில் மூட்டை ஏத்துறவங்க வண்டி பின்பக்கம் தொங்கும். மன்ரோ கம்பெனி ஷாக்கைச் சுத்தி ஒரு சுருளையும் மாட்டி "லோட் லெவலர்"னு வித்தது. கேப்ரியல் கம்பெனி ஷாக்குக்குள்ள காற்றுப் பை வச்சு "ஹைஜாக்கர்"னு வித்தது. பெட்ரோல் பங்க்கில் காற்றடிச்சா பின்பக்கம் உயரும். எழுபதுகளில் பசங்க மஸ்டாங், செவெல்லில் இதை மாட்டி, அகல டயருக்கு இடம் பண்ண பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு சுத்தினாங்க. ஷாக் வாங்கினா வண்டி ஏறும்ங்கிற நம்பிக்கைக்கு இதுதான் விதைன்னு நினைக்கிறேன். காற்றும் ஒரு ஸ்பிரிங்தானே, அதைச் சொன்னா யார் கேக்கறாங்க. இன்னொரு சிக்கல், ஷாக் மாட்டுற கொக்கி ஆட்டத்தைத் தாங்க செஞ்சது, வண்டி எடையைத் தாங்க இல்லை. காற்றை ஏத்திக்கிட்டே போனா கொக்கிதான் முதல்ல விடும்.

உயரப் பைத்தியத்தை உச்சிக்குக் கொண்டுபோனது செயின்ட் லூயிஸ் பக்கத்து பாப் சாண்ட்லர். 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 ஐ ஏத்தி ஏத்தி "பிக்ஃபுட்" ஆக்கினார். 1981 ல் பழைய கார்கள் மேல அதை ஏத்தி நசுக்கினதோட மான்ஸ்டர் ட்ரக்ங்கிற ஜாதியே பிறந்தது. 1985 ல் "பேக் டு தி ஃப்யூச்சர்" படத்தில் மார்ட்டி ஏங்கிப் பார்க்கிற அந்தக் கறுப்பு டொயோட்டா பிக்கப்பை மறந்திருக்க மாட்டீங்க. ஒரு தலைமுறைப் பசங்களுக்கு அதுதான் கனவு வண்டி.

இதுவரைக்கும் தூக்குற வேலை சுலபம். கட்டை ஆக்ஸில் வண்டின்னா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைப்பாங்க, இல்லை வளைவு அதிகமான பட்டை போடுவாங்க. டார்ஷன் பார் வண்டின்னா இன்னும் சுலபம், கீழ படுத்து ஒரு போல்ட்டைத் திருகினா முன்பக்கம் எழும்பும். இந்த வண்டிகளுக்கு "லிஃப்ட் ஷாக்"னா ஏத்தின வண்டிக்கு ஏத்த நீளமான ஷாக்னு மட்டும்தான் அர்த்தம். சாதாரண ஷாக் சக்கரம் தொங்கும்போது எட்டாது, அதனால நீளம்.

மாத்தினது 1995 டொயோட்டா டகோமா. முன்பக்கம் சுருளும் ஷாக்கும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வந்தது. இதைக் காயில்-ஓவர்னு சொல்வாங்க. 2004 ல் எஃப்-150, 2007 ல் செவ்ரோலே சில்வராடோன்னு வரிசையா எல்லாரும் இந்தப் பக்கம் வந்தாங்க. சுருள் உக்கார்ற தட்டு இப்ப ஷாக் உடம்பிலேயே இருக்கு. அந்தத் தட்டைக் கொஞ்சம் மேல ஏத்தினா வண்டி ஏறும்! பில்ஸ்டீன் 5100 செய்றது இதைத்தான். ஷாக் உடம்பில் வரிசையா காடி வெட்டியிருக்கும். எந்தக் காடியில் வளையத்தை மாட்டுறீங்களோ அந்த உயரத்தில் தட்டு நிக்கும். இப்ப முதல் கேள்விக்குப் பதில் வந்துடுச்சு: ஏத்துறது அப்பவும் ஸ்பிரிங்தான், ஷாக் அதுக்கு முக்காலி போட்டுக் கொடுக்குது.

இதில் ரெண்டு விஷயம் பலருக்கும் புரியறதில்லை. ஒண்ணு, காயில்-ஓவர் சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவாந்திரத்தில் உக்காந்திருக்கு. அதனால தட்டு ஒரு இன்ச் ஏறினா வண்டி சுமார் ரெண்டு இன்ச் ஏறும், நெம்புகோல் கணக்கு. ரெண்டாவது, தட்டை ஏத்தினதால ஸ்பிரிங் கெட்டியாகிடுச்சுன்னு நினைக்கிறது. வண்டி எடை அதேதான், ஸ்பிரிங்கும் அதேதான், நிக்கும்போது அமுங்குற அளவும் அதேதான். நாம இழந்தது சக்கரம் கீழே தொங்குறதுக்கு இருந்த இடத்தை. அதான் அளவுக்கு மீறி ஏத்தின வண்டி ஸ்பீட் பிரேக்கர் தாண்டி இறங்கும்போது "டொக்"குனு ஒரு சத்தம் போடுது. ஃபோர் வீல் ட்ரைவ்னா சிவி ஆக்ஸில் சாய்வும் அதிகமாகி, ரப்பர் உறை சீக்கிரம் கிழியும்.

டல்லாஸ் பக்கம் நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்டு கராஜில், என் ரூம்மேட்டோட பழைய டகோமாவுக்குப் போன வருஷம் இதை மாட்டினோம். பின்பக்க ஷாக் ஒண்ணுமே இல்லை. மேல ஒரு நட்டு, கீழ ஒரு போல்ட், துரு இல்லைன்னா அரை மணி நேரம். முன்பக்கத்துக்கு வந்ததும் ரூம்மேட் ரேட்செட்டோட மேல நடுவில் இருக்கிற பெரிய நட்டு மேல கையை வச்சான். "டேய், அதைத் தொடாதடா!"ன்னு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. "ஏன்டா, அதைக் கழட்டினாதானே ஷாக் வரும்?"னு கேக்கறான். சுத்தி இருக்கிற மூணு சின்ன நட்டையும் கீழ் போல்ட்டையும் கழட்டினா முழு அசெம்பிளியும் அப்படியே வெளிய வரும், ஆபத்தில்லை. நடு நட்டுதான் சுருளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. வண்டியை விட்டு வெளிய எடுத்தாலும் உள்ள சில நூறு கிலோ விசை காத்துக்கிட்டே இருக்கும். கம்ப்ரசர் போட்டு சுருளை அமுக்காம அந்த நட்டைக் கழட்டினா மேல் தட்டு பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பும். முகத்துக்கு நேரா இருந்தா பிழைக்கிறது கஷ்டம்.

வரலாறு படிக்கிறப்ப எனக்கு உறுத்துறது இந்த இடம்தான். 1925 விவசாயி கையில் இருந்த வேலை ரம்பத்தால் பெட்டி அறுக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் காலத்தில் ஒரு போல்ட் இறுக்கினா போதும். டார்ஷன் பாரில் ஒரு திருகு. அதே பேர், அதே "ரெண்டு இன்ச்", ஆனா இப்ப கராஜில் கையாளுறது அமுங்கின சுருள். பெட்டி மேல "வீட்டிலேயே மாட்டலாம்"னு போட்டிருக்கிறது மாறவே இல்லை. நாங்க அந்த அசெம்பிளி ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஒரு பட்டறைக்குப் போனோம். சுவரில் பதிச்ச கம்ப்ரசரில் அவர் ஒண்ணை மாத்தப் பத்து நிமிஷம்தான் எடுத்தார். வாடகைக்குக் கிடைக்கிற திருகு மாதிரிக் கம்ப்ரசரில் நீங்க செஞ்சாலும் செய்யலாம், எனக்கு அந்தத் தைரியம் இல்லை, வேணும்னும் தோணலை.

மாட்டும்போது இன்னொரு விஷயம். கீழ் போல்ட்டை சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போதே முழுசா இறுக்கக் கூடாது. அங்க இருக்கிற ரப்பர் புஷ் இறுக்கின நிலையிலேயே பிடிச்சுக்கும். வண்டியைக் கீழ இறக்கினதும் முறுக்கிக்கிட்டு, சில மாசத்தில் கிழியும். சக்கரத்தை மாட்டி, வண்டி எடை அதன் மேல வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அப்புறம் அலைன்மெண்ட், அப்புறம் ஹெட்லைட்டைக் கீழ இறக்குறது. கடைசி ரெண்டையும் நிறையப் பேர் செய்றதில்லை. ராத்திரி ஹைவேயில் எதிர்ல வர்ற பிக்கப் ஏன் நம்ம கண்ணைக் குருடாக்குதுன்னு இப்ப தெரியுதா?

கம்பெனிகளும் இந்தக் காசை விடலை. 2010 ல் ஃபோர்டு எஃப்-150 ராப்டர் ஃபாக்ஸ் ஷாக்கோடவே ஷோரூமுக்கு வந்தது. பாஜாவில் ரெண்டு மூணு ஷாக் மாட்டித் தேடினதை இப்ப மாசத் தவணையில் வாங்கலாம்.

இன்னொரு பக்கம் கூத்தும் நடந்தது. பிக்கப் தொழிற்சாலையில் இருந்து வரும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், மூட்டை ஏத்தினா சமமாகணும்னு. 5100 மாட்டுறவங்க பலரும் முன்பக்கத்தை ஏத்தி அதைச் சமப்படுத்தத்தான் மாட்டுறாங்க. "கரோலைனா ஸ்க்வாட்"காரங்க அதையும் தாண்டி மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கத்தைத் தரையில் உக்கார வச்சாங்க. இதுக்கு மூலம் பாஜா ரேஸ் வண்டிகள்னு சொல்வாங்க. அங்க குதிச்சு இறங்கும்போது பின்பக்கம் முதல்ல தரை தொட்டா நல்லது. தெருவில் என்ன ஆகும்? ஓட்டுறவருக்கு முன்னாடி ரோடே தெரியாது. பானெட்டுக்குக் கீழ குழந்தை நின்னாலும் தெரியாது. வட கரோலைனா 2021 டிசம்பர் முதல் இதைத் தடை பண்ணிடுச்சு. முன் மட்கார்டு பின் மட்கார்டை விட நாலு இன்ச் அல்லது அதுக்கு மேல உயர்ந்திருந்தா குற்றம், ஒரு வருஷத்துக்குள்ள மூணு தடவை மாட்டினா லைசென்ஸ் போயிடும். 2022 ல் வர்ஜீனியாவும் 2023 ல் தென் கரோலைனாவும் அதே மாதிரி சட்டம் போட்டுடுச்சு. எந்தச் சட்டத்திலும் ஷாக் பத்தி ஒரு பேச்சும் இல்லை. போலீஸ்காரர் கையில் ஒரு இஞ்சு டேப் இருந்தா போதும்.

கொசுறு: கேப்ரியல் ஸ்னப்பர் செஞ்ச க்ளாட் ஃபாஸ்டர் முதல்ல பிரபலமானது ஹாரனுக்கு. வண்டியின் புகையைக் குழலில் விட்டு ராகம் மாதிரி ஊத வச்சார். ஸ்னப்பரில் பெரும் பணம் சம்பாதிச்சு, கம்பெனியை வித்துட்டு, 1952 ல் க்ளீவ்லாண்டில் கல்வி நிலையங்கள், தரும ஸ்தாபனங்களின் ஆட்களை ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார். எதுக்குன்னு வந்தவங்களுக்குத் தெரியாது. சாப்பாடு முடிஞ்சதும் தன் சொத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலரை அங்கேயே அவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டார்.